அது ஏரி இல்லை, குட்டை

என் காதருக்கு,

அன்புள்ள என்று போடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். நீ உயிரோடு இருந்தபோது அப்படி ஒரு கடிதம் உனக்கு எழுதியதில்லை. எழுதியிருந்தால் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டிச் சிரித்திருப்பாய். சரி, அன்புள்ள என்றே வைத்துக்கொள். இதற்குக் கீழே அந்தச் சொல்லுக்கு அதிகம் வேலை இருக்காது.

முதலில் செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை நெல்லிமடு ஏரிக்குப் போய்விட்டு வந்தேன். உன் ஜீப்பில்தான். உன் மகன் அன்வர் ஓட்டினான், உன் மனைவி ஜைனப் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஏரியைப் பார்த்தோம். பெரிய ஏரி. எமர்ஜென்சி வருஷத்தில் நீயும் நானும் பார்த்துவிட்டு வந்தது அது இல்லை.

ஆக, பன்னிரண்டு வருஷமாக நான் சொன்னதுதான் சரி. நீ சொன்னது பொய். இதை உன் முகத்துக்கு நேரே சொல்லும் நாளுக்காகவே காத்திருந்தேன். அந்த நாள் வந்தபோது நீ இல்லை. இப்படி ஏதாவது செய்து தப்பித்துக்கொள்வாய் என்று எனக்குத் தோன்றாமல் போனதுதான் என் மடத்தனம்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. குறுக்கே பேசாமல் கேள்.

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் பித்தளையும் எவர்சில்வரும் விற்கும் கடை உன்னுடையது. உன் தாத்தா போட்ட கடை. நான் கல்லூரியில் பூகோளம் நடத்துகிறவன். என்னைவிட இளையவன் ஒருவனைத் துறைத்தலைவராக்கிவிட்டு, அவனுக்குக் கீழே என்னை உட்கார வைத்திருக்கும் கல்லூரி. இதை எதற்கு இங்கே சொல்கிறேன் என்று கேட்பாய். எங்கே சொல்ல வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிவிடுவது என்று வைத்திருக்கிறேன்.

மறக்கத் தெரியாதது என் குணம். என் தம்பி, மகளின் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டான். அன்றிலிருந்து சென்னைப் பக்கம் நான் போவதில்லை. வேங்கிக்காலில் என் பக்கத்து வீட்டுக்காரர் மதில் சுவரை ஒரு சாண் தள்ளிக் கட்டினார். அவர் முகத்தை நான் பார்ப்பதில்லை. ஊரில் பாதிப் பேர் வீட்டில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. உன் வீட்டில் மட்டும் எப்படிக் குடித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே விளங்கவில்லை. உன்மேல் இருந்த கோபம் மற்ற எல்லோர்மேலும் இருந்ததைவிட ஜாஸ்தி.

ராணுவம் கழித்துவிட்ட ஒரு ஜீப்பை ஏலத்தில் எடுத்து வந்தாய். இரண்டாவது கியர் நிற்காது. பக்கத்தில் உட்காருகிறவன் கியர்க் கம்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டியரிங்கை இடது பக்கம் நன்றாக ஒடித்தால் ஹாரன் தானாக அலறும். பழுது பார்க்கச் சொன்னால், “நம்ம ஊர்ல எவன்டா இடது பக்கம் திரும்பறான்? மாட வீதிய சுத்துனாலும் வலது, மலைய சுத்துனாலும் வலது” என்பாய். ஊர்க்காரன் பேசுகிற பேச்சுத்தான். அதனால்தான் கெட்டது எல்லாமே.

ஜவ்வாது மலைக்குள்ளே நெல்லிமடு என்று ஒரு ஏரி இருப்பதை என்னிடமிருந்த மேப்பில் நான்தான் முதலில் பார்த்தேன். ஒரு நகம் அளவு நீலப் புள்ளி. சுற்றிலும் ஊர் கிடையாது, பாதை என்று ஒரு கோடு விட்டு விட்டுப் போகும். உன்னிடம் காட்டினேன். மறுநாள் விடியும்போது என் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடித்தாய்.

போளூர் தாண்டி மலை ஏறி, ஜமுனாமரத்தூர் வரைக்கும் சாலை என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று இருந்தது. அதற்கப்புறம் கட்டை வண்டி போன தடம். இரண்டு பக்கமும் முள், நடுவில் முதுகு முதுகாகப் பாறை. ஒவ்வொரு பாறைக்கும் நீ, “இது ஒண்ணும் பண்ணாது” என்றாய். ஒவ்வொரு பாறையும் ஏதாவது பண்ணியது. என் கை கியர்க் கம்பியில், என் மூக்குக்கண்ணாடி ஜீப்பின் தரையில்.

ஒரு குன்றின் அடியில் நாலைந்து வீடுகள். வாசலில் பலாமரம். அதன் கீழே ஒரு பெரியவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். வழி கேட்டோம். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. கயிற்றைப் பிடித்த கையாலேயே காட்டினார்.

“மலைய சோத்தாங்கை பக்கமா வச்சிக்கினு போங்க சாமி. ஏரி வந்துடும்.”

உன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். “கேட்டியாடா? மலை வலது பக்கம். திருவண்ணாமலைக்காரனுக்கு இத சொல்லித் தரணுமா?”

கொஞ்ச தூரத்தில் ஒரு ஓடை வந்தது. மேப்பில் அந்த ஓடை இருந்தது. அதைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிவதும் இருந்தது. நான் சொன்ன சொற்கள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

“காதர், இங்க இடது.”

“மலைய வலது பக்கம் வச்சிக்கினு போன்னு சொன்னாரு. இடது பக்கம் போனா மலை முதுகுக்குப் பின்னால போயிடும்டா.”

“அவரு சொன்னது இந்த ஓடை வரைக்கும்டா!”

“ஓடைன்னு சொன்னாரா அவரு? உன் காதுல மட்டும் சொன்னாரா?”

நீ இடது பக்கம் திரும்பவில்லை. கார்த்திகைக்குக் கரும்பைக் கடித்துக்கொண்டு எங்களோடு அண்ணாமலையைச் சுற்றி வந்த பயல் நீ. உனக்குத் தொழுகைக்குத் திசை மேற்கு, நடக்க ஆரம்பித்தால் திசை வலது. வலது பக்கம் மலையை விடாமல் பிடித்துக்கொண்டு போனாய். பாதையும் நம்மை விடாமல் கூட்டிக்கொண்டு போயிற்று. முள் கிழித்தது, வெயில் ஏறியது, ரேடியேட்டர் கொதித்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து நாலைந்து வீடுகள் வந்தன. வாசலில் பலாமரம். கீழே ஒரு பெரியவர் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

அவர் நம்மைப் பார்த்தார். கயிற்றைக் கீழே வைத்தார்.

“இன்னா சாமி, இப்பதான அப்டி போனீங்க? சுத்திக்கினு வந்துட்டீங்களா?”

அவர் கேட்டார், “எந்த ஊரு?”

“திருவண்ணாமலை” என்றேன் நான்.

“அதான்” என்றார். பிறகு மெய்யான வருத்தத்தோடு சொன்னார்: “இந்த மலைல சாமிகூட கிடையாதுங்களே!”

நீ ஸ்டியரிங்மேல் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. எனக்கு இன்றுவரை அதில் சிரிக்க ஒன்றும் தென்படவில்லை.

இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று திரும்பினோம். வருகிற வழியில் ஒரு பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. இரண்டு எருமைகள் படுத்திருந்தன. நீ வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்க் கைகால் கழுவினாய். ஈரக் கையோடு திரும்பி நின்று, “ஏரி வந்துடுச்சு” என்றாய்.

“இது குட்டைடா.”

“தண்ணி இருக்குதா? இருக்குது. கரை இருக்குதா? இருக்குது. ஏரி.”

அப்போது ஒரு எருமை எழுந்து நின்றது. தண்ணீர் அதன் முழங்காலுக்குக்கூட வரவில்லை. அந்த எருமையைப் பற்றி உன் கதையில் எந்நாளும் ஒரு வார்த்தை வந்ததில்லை. கவனித்தாயா?

மறுநாளே கடையில் ஆரம்பித்துவிட்டாய். ஜவ்வாது மலைக்குள்ளே கடல் மாதிரி ஏரி. முதல் வருஷம் அதில் அல்லிப் பூ பூத்தது. அடுத்த வருஷம் வாத்துகள் வந்து இறங்கின. அதற்கடுத்த வருஷம் கரையோரம் ஒரு பாறை முளைத்தது. அதன்மேல் நீ துண்டை விரித்து மாலை நேரத்து அஸர் தொழுதாய். ஏரி வளர வளர நான் சின்னவனாகிக்கொண்டே போனேன். “வாத்தி மேப்ப தலைகீழா புடிச்சிக்கினு என்ன ஒரு மலைய சுத்த வச்சான்!” இதுதான் உன் கதையில் என் பங்கு.

உண்மையில் யார் இடது என்று சொன்னது? யார் கேட்காதது?

பூகோளம் நடத்துகிறவன் மேப்பைத் தலைகீழாகப் பிடித்தான் என்றால் அது கடையோடு நிற்குமா? ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்தால் கரும்பலகையில் இந்தியா தலைகீழாகத் தொங்குகிறது, கன்னியாகுமரி மேலே. துறைத்தலைவர் பதவிக்கு என் பெயர் வந்தபோது முதல்வர் அறையில் யாரோ அந்தக் கதையைச் சொன்னார்களாம். எல்லோரும் சிரித்தார்களாம். பதவி போனதற்கு நீ காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்கு நீதான் காரணம்.

ஒவ்வொரு முறை கதை என் காதுக்கு வரும்போதும் நான் உன் கடைக்கு வந்தேன். சைக்கிளை ஓட்டிக்கொண்டு வேங்கிக்காலிலிருந்து தேரடி வீதிவரை வந்தேன். வாடிக்கையாளர் யார் நின்றாலும் பார்க்காமல், அது ஏரி இல்லை, குட்டை என்று சொன்னேன். எருமையைச் சொன்னேன். நீ டீ வரவழைத்தாய். அடுக்கி வைத்த குடங்களுக்கு நடுவே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாய். கடை சாத்தும்வரை சண்டை போட்டோம். டீ குடிக்க நான் மறுத்ததில்லை என்பது உண்மைதான். வந்த டீயை எதற்கு வீணாக்குவது?

கடைசியாக வந்தபோது ஒரு தஞ்சாவூர்ப் பக்கத்து யாத்ரீகக் குடும்பத்துக்கு நீ அந்த ஏரியை விற்றுக்கொண்டிருந்தாய். அவர்கள் வாங்க வந்தது ஒரு குத்துவிளக்கு. எனக்குத் தாங்கவில்லை. உள்ளே நுழைந்ததும் கத்தினேன். நீயும் கத்தினாய்.

“நான் செத்தாலும் அது ஏரிதான்டா!”

“நீ செத்தாலும் அது குட்டைதான்டா!”

நாலைந்து நாளில் நீ போய்விட்டாய். மத்தியான நேரம், கடையில் தூக்குவாளிகளை அடுக்கிக்கொண்டே இருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாயாம். நான் வருவதற்குள் முடிந்துவிட்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பழகின பழக்கத்தில் நீயும் நானும் கடைசியாகப் பேசிக்கொண்டது அந்த இரண்டு வரி. வேறு ஏதாவது நல்லதாக ஒன்றைப் பேசிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

கபரஸ்தானில் நானும் மூன்று பிடி மண் போட்டேன். கை கழுவும்போது உங்கள் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். “நீங்கதானங்க அந்த மேப்பு வாத்தியாரு?” என்றார். அந்த இடத்திலும், காதர்! அந்த இடத்திலும்!

ஜைனப் வெளி ஆண்களைப் பார்க்காமல் இத்தா இருந்த நாலு மாதமும் நான் வாசலோடு விசாரித்துவிட்டுத் திரும்பினேன். இத்தா முடிந்த மறுநாள் அன்வர் வந்து கூப்பிட்டான். போனேன். நாகூருக்குப் போக வேண்டும் என்று கேட்பாள், மகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

“அண்ணா, அந்த ஏரிக்கு என்ன ஒரு தடவ கூட்டினு போங்க” என்றாள்.

“அங்க ரோடே கிடையாதும்மா. உடம்பு தாங்காது” என்றேன்.

“அவரு உடம்பு தாங்கிச்சில்ல? அவரு தொழுத பாறைய பாக்கணும் எனக்கு.”

வீடு திரும்பும்போது சைக்கிளை மிதிக்க முடியவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தேன். நான் காத்திருந்தது வந்துவிட்டது. உன்னைப் பொய்யன் என்று நிரூபிக்க உன் மனைவியே சாட்சியாக வருகிறேன் என்கிறாள். ஆனால் உன்னிடமிருந்து அவளுக்கு மிஞ்சியது என்ன? கடை, அந்தக் கேடுகெட்ட ஜீப், அந்த ஏரி. அதில் ஒன்றை நான் போய்க் குட்டையாக்க வேண்டுமா?

இரண்டு நாள் வகுப்பில் பாடம் ஓடவில்லை. மூன்றாம் நாள் முடிவு செய்தேன். நிஜமான ஏரியைக் கண்டுபிடித்துக் கூட்டிக்கொண்டு போவது. கரையில் எந்தப் பாறை கண்ணில் பட்டாலும், இதுதான் அது என்று காட்டிவிடுவது. பன்னிரண்டு வருஷம் நான் எதை எதிர்த்தேனோ அதற்கு நானே சாட்சி சொல்வது! உன்னால் எனக்கு வந்த அவமானங்களில் இதுதான் பெரியது என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிறு விடியற்காலை கிளம்பினோம். ஜைனப் குஸ்காவும் முட்டையும் கட்டி, உன் கடையிலேயே மிகப் பெரிய டிபன் கேரியரில் கொண்டு வந்தாள். அது பின்னால் கோயில் மணி மாதிரி அடித்துக்கொண்டே வந்தது. கியர்க் கம்பியைப் பிடிக்கும் வேலை இப்போதும் எனக்குத்தான். நீ போனாய், உன் ஜீப்பில் எனக்குப் பதவி உயர்வு மட்டும் இல்லை.

மலையடிவாரச் செக்போஸ்ட்டில் காவலர் நிறுத்தினார். சந்தனக்கட்டை தேடுகிற காலம் இது.

“மேல எதுக்குப் போறீங்க?”

“ஏரி பாக்க” என்றேன்.

“ஏரி பாக்கவா? ஏன், கீழ எங்கயும் தண்ணி இல்லியா?”

ஜைனப் பின்னாலிருந்து, “எங்க வூட்டுக்காரரு பாத்த ஏரிங்க” என்றாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவள் காலடியில் சுருட்டிக் கிடந்த கோரைப்பாயைத் தூக்கிப் பார்த்தார். கேரியரைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் தடுப்பு மூங்கிலைத் தூக்கினார்.

அன்வர் உன்னைப் போலவே ஓட்டுகிறான். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதே. பாறையைப் பார்த்தால் ஏறித்தான் போவேன் என்கிறான். நான் சுற்றிப் போகச் சொன்னால், “மாமா, நீங்க கம்பிய மட்டும் புடிங்க” என்கிறான். பள்ளத்தில் விழுந்தால், “இது ஒண்ணும் பண்ணாது” என்கிறான். அதே சொற்கள், காதர். நீ அவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாயோ இல்லையோ, இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்.

பலாமரம் இருந்தது. பெரியவர் இல்லை. ஒரு பெண் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். வழி கேட்டோம். முறத்தை நிறுத்தாமலே சொன்னாள்.

“மலைய சோத்தாங்கை பக்கமா வச்சிக்கினு போங்க. ஏரி வந்துடும்.”

அன்வர் முகம் மலர்ந்தது. நான் பையிலிருந்து மேப்பை எடுத்தேன்.

ஓடை வந்தது. தாண்டினோம். பாதை பிரிந்தது. நான் மேப்பை முழங்காலில் விரித்து, வடக்கு மேலே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். உன் புண்ணியம்.

“அன்வர், இங்க இடது.”

“அந்தம்மா வலது பக்கம் மலைன்னாங்களே மாமா?”

“அது ஓடை வரைக்கும்.”

“ஓடைன்னு சொல்லலியே?”

நான் சாமி வந்தவன் போலக் கத்தியிருப்பேன். அதற்குள் பின்னாலிருந்து ஜைனப் சொன்னாள், “அன்வரு, மாமா சொல்றத கேளு. உங்கப்பா கேக்காம சுத்துனது போதும்.”

அந்தக் கடைசி வார்த்தைகளை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

அவன் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். ஹாரன் அலறியது. அந்தக் காடு அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டிருக்காது. எதிர் மலை அதைத் திருப்பி அடித்தது, மரத்திலிருந்து பறவைகள் கிளம்பின. ஜைனப் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு, சொன்னால் சிரிப்பாய், பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு தீர்ப்பு வாசித்த மாதிரி இருந்தது. ஜீப் நேராகிறவரை அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. கேட்டதா உனக்கு?

அதற்கப்புறம் பாதை என்று ஒன்று இல்லை. மூங்கில் வளைந்து முகத்தில் அடித்தது. நாலு இடத்தில் இறங்கிக் கல்லைப் புரட்டினோம். சைலன்சர் எங்கேயோ விழுந்துவிட்டது; வண்டி போட்ட கூச்சலில் பேச முடியவில்லை, அதனால் அன்வரோடு சண்டை போடவும் முடியவில்லை. கடைசியில் ஒரு விழுந்த மரத்தருகே நிறுத்திவிட்டு நடந்தோம். ஜைனப் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மரங்கள் விலகின. ஏரி.

உன்னைப் போலச் சொல்ல எனக்கு வராது. அல்லி இல்லை, வாத்து இல்லை. கறுத்த தண்ணீர். நடுவில் பட்ட மரங்கள் நின்றிருந்தன. அக்கரையில் காடு, அதற்குமேல் மலை, அந்த மலை தண்ணீருக்குள்ளும் இருந்தது. ஒரு சத்தம் இல்லை.

ஜைனப் கேட்டாள், “அவரு தொழுத பாறை எது அண்ணா?”

கரையோரம் ஒரு பாறை இருந்தது. அகலமாக, தட்டையாக, ஒரு ஆள் தொழுகிற அளவுக்கு. யாரோ எனக்காகவே போட்டு வைத்த மாதிரி. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு கையை நீட்டினேன்.

“அதோ. அதுதான். அதுமேலதான் துண்ட விரிச்சான்.”

அவள் பாறையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கச் சிரிக்கிறாள்!

“அண்ணா, வாத்திக்குப் பொய் சொல்ல வராதுன்னு அவரு சொல்லிக்கினே இருப்பாரு. சரியாதான் இருக்குது.”

“என்னம்மா பொய்?”

“அவரு இங்க வரவே இல்ல. எனக்குத் தெரியாதா? வந்திருந்தா ஒரு தடவையோட விட்டிருப்பாரா அவரு? மாசத்துக்கு ஒருக்கா எங்கள எல்லாம் மூட்ட கட்டி ஏத்திக்கினு வந்திருக்க மாட்டாரு? நான் கேக்கும்போதெல்லாம் டயர் சரியில்ல, மழ வருது, வழில கரடி. அப்பவே தெரிஞ்சிபோச்சு.”

“அன்வருக்கு?”

“எனக்கும் தெரியும் மாமா. எருமை கதைய அத்தாவே சொல்லிருக்காரு” என்றான் உன் மகன்.

எருமைக் கதை! வீட்டில் சொல்லியிருக்கிறாய். என்னிடம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“அப்புறம் எதுக்கும்மா பன்னெண்டு வருஷமா என் மானத்த வாங்கினான்?” என்று கேட்டேன். என் குரல் ஏரியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது.

அவள் சிரிப்பை நிறுத்தினாள். “உங்களுக்கு யார் மேலயாவது கோவம் வந்தா வூட்டுக்குள்ள போய் குந்திக்குவீங்க. கூப்புட்டா வர மாட்டீங்க, ஆள் அனுப்பிச்சா திருப்பி அனுப்பிச்சிடுவீங்க. ரெண்டு வாரம் உங்கள பாக்கலன்னா அவருக்கு சோறு எறங்காது. ‘இரு, ஏரிய எடுத்து வுடறேன், சாயந்தரமே வந்து நிப்பான் பாரு’ம்பாரு. டீக்கு முன்னாடியே சொல்லி வச்சிடுவாரு. நீங்களும் வந்து நிப்பீங்க.”

நான் அந்தப் பாறையில் போய் உட்கார்ந்தேன். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? துறைத்தலைவர்மேல் இல்லை, தம்பிமேல் இல்லை. தூண்டிலில் புழுவைக் கோத்து, வருஷக்கணக்காக ஒரே மீனைப் பிடித்துப் பிடித்து விட்டிருக்கிறாய். அந்த மீன் படித்த மீன். ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை. வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? சொன்னாய்தான், பலமுறை. நான் வரவில்லைதான். அதற்காக என் மேப்பைத் தலைகீழாக்குவதா?

“அப்ப நீ எதுக்கும்மா இவ்ளோ தூரம் வந்த?” என்றேன்.

ஜைனப் தண்ணீரில் இறங்கி முகம் கழுவினாள். “அவரு பாக்காதத நான் பாத்துட்டேன்ல? மேல போனதும் சொல்லுவேன். ‘ஏரிய நான் பாத்தேன், நீங்க பாக்கல’ன்னு. என்ன சொல்றாரு பாப்போம்.”

ஆகவே தயாராக இரு. அங்கேயும் உனக்காக ஒரு சண்டையை அவள் எடுத்து வைத்திருக்கிறாள்.

அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் குஸ்கா சாப்பிட்டோம். அன்வர் துண்டை விரித்து உனக்காகத் தொழுதான். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். இப்போது அங்கே உண்மையாகவே ஒரு பாறை இருக்கிறது, உண்மையாகவே ஒருவன் அதன்மேல் தொழுதிருக்கிறான். உன் பொய்களுக்குக்கூட இப்படி அதிர்ஷ்டம் அடிக்கிறது. என் உண்மைகளுக்கு என்ன கிடைத்தது?

கடிதம் இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவிடவில்லை உன் மகன்.

திங்கள், செவ்வாய் நான் வெளியே போகவில்லை. மனசு சரியில்லை. கல்லூரிக்கும் விடுப்பு. புதன்கிழமை எங்கள் அட்டெண்டர் வந்து ஒரு கையெழுத்து வாங்கினார். போகும்போது, “சார், மறுபடியும் ஏரிக்குப் போனீங்களாமே? இந்த தடவ சைலன்சர் விழுந்ததே நீங்க தப்பு வழி சொன்னதாலதானாமே?” என்றார்.

எங்கே கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. சைக்கிளை எடுத்தேன். வேங்கிக்காலிலிருந்து தேரடி வீதிவரை எப்படி வந்தேன் என்று தெரியாது. கடைக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டேன்: இடது என்று சொன்னது யார், அந்த மூங்கில் வழியில் பாறைமேல் ஏற்றியது யார்?

அன்வர் எழுந்து நின்றான். குடங்களுக்கு நடுவே நாற்காலி போட்டிருந்தது. துடைத்திருந்தது. அதன் பக்கத்தில், முக்காலியின்மேல், டீ ஆவி பறந்துகொண்டிருந்தது.

“வாங்க மாமா” என்றான்.

எனக்கு எல்லாம் புரிந்தது, காதர். இந்தத் தடவை புழுவும் தெரிந்தது, தூண்டிலும் தெரிந்தது, கரையில் நிற்கிறவனும் தெரிந்தான். திரும்பிப் போயிருக்கலாம். உட்கார்ந்தேன். டீ ஆறிவிடும் அல்லவா?

இப்போது உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அன்வர் இந்தக் கதையை எத்தனை முறை தப்பாகச் சொன்னாலும் அத்தனை முறையும் நான் கடைக்கு வருவேன். யார் நின்றாலும், என்ன வாங்க வந்திருந்தாலும், உரக்கச் சொல்வேன். நீ அன்று பார்த்தது ஏரி இல்லை, குட்டை. எருமையின் முழங்காலுக்குத் தண்ணீர் இல்லை. இதிலிருந்து ஒரு சொல்கூட நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சைக்கிள் மிதிக்கக் காலில் தெம்பு இருக்கும்வரை விட மாட்டேன்.

உன் மனைவி என்னை அண்ணா என்கிறாள், உன் மகன் மாமா என்கிறான். கணக்குப் போட்டுப் பார்த்தால், இத்தனை வருஷம் வாத்தி வாத்தி என்று நீ கூப்பிட்டதும் ஒரு தப்புத்தான். அதையும் திருத்தியே கையெழுத்துப் போடுகிறேன்.

உன் ஜீப்பில் கியர்க் கம்பி பிடிக்கும்,
உன் மச்சான்,
சபாபதி